புருண்டியின் தலைநகரைத் திருத்தப் போன வழி

வெள்ளிக்கிழமை, காலை 9.10. மதுரை மாட்டுத்தாவணி.

ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை போகும் அரசுப் பேருந்து கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. திருச்சியிலிருந்து விடிகாலை வண்டியில் வந்து இறங்கிய நான், ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டேன். பையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கடிதம், நான் எழுதிய சிறுநூல் ஒரு பிரதி, சிவப்புப் பேனா ஒன்று. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவனின் மூட்டை இல்லை இது. இந்த முறை நான் போனது மன்னிப்புக் கேட்பதற்காக.

விஷயத்தை முதலிலேயே உடைத்துவிடுகிறேன். திருச்சியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். ஓய்வு நேரத்தில், போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்காகப் பொது அறிவுச் சிறுநூல்கள் எழுதுகிறேன். பேருந்து நிலையக் கடைகளில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த ரகம். அவற்றில் ஓரளவு நன்றாக விற்றது 'ஆப்பிரிக்கா அரை மணியில்'. விலை நாற்பது ரூபாய். அந்தக் கண்டத்தில் ஐம்பத்து நான்கு நாடுகள். ஒவ்வொரு நாட்டையும் அதன் தலைநகரையும் சேர்த்து மனதில் ஒட்டவைக்க ஒவ்வொரு வரி கட்டியிருந்தேன். கென்யாவுக்கு நைரோபி என்பது மறந்து போகலாம். 'கேணிக்கு நைலான் ரோப்பு' மறக்காது. மாலிக்குப் பமாகோ: 'மாலை வாடினால் பாமா கோபம்'. ஜாம்பியாவுக்கு லுசாக்கா: 'சாம்பாரை லேசாக்கு'. எத்தியோப்பியாவுக்கு அடிஸ் அபாபா: 'எத்தினால் அடி, அப்பப்பா'. இதிலெல்லாம் இலக்கணம் பார்க்கக் கூடாது. மனப்பாடம் ஆகிறதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும்.

மூன்று வாரங்களுக்கு முன் ராஜபாளையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் எஸ்தர். நூற்பாலையில் வேலை பார்ப்பவர். தானும் கூட வேலை செய்யும் பத்துப் பெண்களும் என் நூலைப் படித்துவிட்டு அரசு வேலைக்கான ஒரு தேர்வு எழுதியதாகவும், 'புருண்டி நாட்டின் இன்றைய தலைநகர் எது?' என்ற கேள்விக்குப் பதினொரு பேரும் புஜும்புரா என்று குறித்ததாகவும், சரியான விடை கிடேகா என்றும் எழுதியிருந்தார். பிறகு மூன்று வரிகள்: 'எனக்கு ஒரே ஒரு கேள்வியில் போய்விட்டது. வயது வரம்பு முடிந்துவிட்டதால் இனி நான் எழுத முடியாது. மற்றவர்கள் அடுத்த தேர்வுக்கும் இதே நூலைத்தான் படிக்கிறார்கள் என்பதால் தெரிவிக்கிறேன்.' திட்டு இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. பிழை திருத்துகிறவன் கண்ணுக்கு ஓர் எழுத்துப்பிழைகூட அகப்படவில்லை. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்து எழுந்தேன். கடைசியில் கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசி, நேரில் வருவதாகச் சொன்னேன்.

"வாங்க சார். வெள்ளிக்கிழம மூணு மணிக்கு எல்லாரும் இருப்போம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

9.20. வண்டி கிளம்பியது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சீட்டு வாங்கினேன், எழுபது ரூபாய். போக வேண்டிய ராஜபாளையம் அங்கிருந்து இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். நேராகப் போய் இறங்க மனம் வரவில்லை. நடுவில் ஓர் ஊரைப் போட்டுக்கொண்டால் கொஞ்சம் தள்ளிப் போகுமே என்ற கணக்கு.

10.10. டி.கல்லுப்பட்டி. வெள்ளை வேட்டியும் கையில் மஞ்சள் பையுமாக ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில் விவசாயம், டி.கல்லுப்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கிவிட்டு வருகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பாதைத் தகராறு வழக்கு, பதினோரு மணிக்கு வாய்தா. இதையெல்லாம் நான் கேட்காமலே சொன்னார். பிறகு என் மடியில் இருந்த நூலை எடுத்துப் புரட்டினார்.

"பாமாவுக்குக் கோவமா? அது சரி" என்று சிரித்தார். "எம் மச்சினன் பட்டாளத்துல இருந்தான். அமைதிப்படையின்னு காங்கோவுக்கு அனுப்பிச்சாக. ஒரு ஆறாம், இந்தக் கரையில ஒரு நாட்டுத் தலைநகராம், எதுத்த கரையில இன்னொரு நாட்டுத் தலைநகராம். அங்க லைட்டப் போட்டா இங்க தெரியுமாம். புளுகுதானோன்னு நெனச்சேன்."

புளுகு இல்லை என்றேன். இந்தக் கரையில் கின்ஷாசா, எதிர்க் கரையில் பிராசவில். இரண்டு நாடுகளின் பெயரிலும் காங்கோ இருக்கிறது. நடுவே காங்கோ ஆறு. உலகத்தில் இவ்வளவு நெருக்கத்தில் முகம் பார்த்துக்கொண்டு நிற்கும் தலைநகரங்கள் அபூர்வம். ஆனால் ஆற்றின் மேல் பாலம் கிடையாது, படகில்தான் போய்வர வேண்டும்.

"அப்பிடின்னா எங்க பாதைத் தகராறு தேவல" என்றார். "அம்புட்டுக் கிட்ட இருந்துக்கிட்டுப் பாலம் போடலையாமா?"

தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று தலைநகரங்கள் என்றதும் அவருக்கு இன்னும் வியப்பு. நிர்வாகம் பிரிட்டோரியாவில், நாடாளுமன்றம் கேப் டவுனில், மேல்முறையீட்டு நீதிமன்றம் புளூம்ஃபொன்டேனில்.

"இதுல என்ன இருக்கு? நமக்கும் அப்பிடித்தான. கேஸுன்னா ஸ்ரீவில்லிபுத்தூரு, மில்லுன்னா ராஜபாளையம், கலெக்டருன்னா விருதுநகரு" என்றார். "ஆமா, நீங்க என்ன சோலியா வாரிய?"

என் நூலில் ஒரு தலைநகரம் தவறாகிவிட்டது, அதை வைத்துத் தேர்வு எழுதிய ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அந்த நாடு தலைநகரை மாற்றிவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அவன் மாத்துனா அதுக்கு நீங்க என்ன செய்விய?" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

10.50. கிருஷ்ணன்கோவில். கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக நுழைவாயிலில் திரும்பிக்கொண்டிருந்தன. எங்கள் வண்டி அவை போகட்டும் என்று நின்றது. அந்தச் சும்மா நிற்கும் நேரத்தில், விவசாயியிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடலாம்.

புருண்டி தலைநகரை மாற்றியது எனக்குத் தெரியும். செய்தி வந்த வாரமே படித்துவிட்டேன். புஜும்புரா வணிக நகரமாக இருக்கட்டும், தலைநகர் கிடேகாவாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகுதான் என் நூலின் இப்போதைய பதிப்பு அச்சுக்குப் போனது. அந்தப் பக்கம் என் மேசைக்கும் வந்தது. புருண்டிக்கு நான் கட்டிய வரி இது: 'புரண்டு படுத்தேன், புஜம் புரண்டது.' நூலிலேயே ஆகச் சிறந்த வரி. கடைக்காரர்கள் அதைச் சொல்லித்தான் விற்றார்கள். என் மனைவி, எதைப் பார்த்தும் மெச்சாதவள், அதற்குச் சிரித்தாள். கிடேகாவுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க முயன்றேன், ஒன்றும் அமையவில்லை. புருண்டியை யார் கேட்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, பக்கத்தின் ஓரத்தில் 'சரி' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்தவர் நூலில் ஒரு கால்புள்ளி இடம் மாறினால் குதிக்கிறவன் நான்.

11.15. ஸ்ரீவில்லிபுத்தூர். விவசாயி கோர்ட்டைப் பார்த்து வேகமாக நடந்தார். நான் கடைத்தெருவில் மெதுவாக நடந்தேன். பால்கோவாக் கடைகளில் ஒவ்வொன்றும் தான்தான் அசல் என்று எழுதி வைத்திருந்தது. ஒரு கடைக்குப் பின்கட்டில் பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. கிளறுகிறவர் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். ஒரு கிலோ கேட்டேன். கடைக்காரர் கால் கிலோப் பொட்டலங்கள் நான்கை எடுத்து வைத்தார். நானூறு ரூபாய்.

"எந்த ஊருக்கு சார் கொண்டு போறிய? ரெண்டு நா தாங்கும், அதுக்கு மேல வச்சிராதிய."

"ராஜபாளையத்துக்கு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இங்கிருந்து பக்கத்து ஊருக்கு ஒரு கிலோ பால்கோவாவைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகும் ஆளை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்று எனக்கு யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள்.

கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு காப்பி குடித்தேன், இருபது ரூபாய். நடை சாத்தும் நேரமாகிவிட்டது என்பதால் கோவிலுக்குள் போகவில்லை. போயிருந்தாலும் என்ன கேட்டிருப்பேன் என்று தெரியவில்லை.

12.40. ராஜபாளையத்துக்கு நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி என்பதால் அவர்கள் கூட்டம் அதிகம். எனக்குப் பதினைந்து ரூபாய். மேற்கே மலை வண்டியோடு கூடவே வந்தது. வயல்கள் குறையக் குறைய ஆலைகளின் நீண்ட மதில்கள் வந்தன. பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஓர் ஊரில் கோர்ட்டும் அலுவலகங்களும், மற்றதில் ஆலைகளும் சந்தையும். கிடேகாவுக்கும் புஜும்புராவுக்கும் உள்ள உறவும் ஏறத்தாழ இதுதான். என்ன, அங்கே இடைவெளி நூறு கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும், நடுவில் மலை ஏறி இறங்க வேண்டும். வரைபடத்தில் மட்டுமே பார்த்த ஒரு நாடு முதல் முறையாக எனக்குப் புரிந்தது மாதிரி இருந்தது. முப்பது வருடமாகத் தலைநகரங்களின் பெயரோடு விளையாடுகிறேன். நைரோபி என்றால் குளிர்ந்த நீர், அடிஸ் அபாபா என்றால் புது மலர் என்று சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த ஊர்களில் ஒருவர் காலையில் எழுந்து எந்த அலுவலகத்துக்குப் போவார் என்று யோசித்ததே இல்லை.

1.20. ராஜபாளையம். பேருந்து நிலையத்துக்கு எதிரே சாப்பாடு, நூற்றிருபது ரூபாய். பரிமாறியவர் எனக்குத் தமிழிலும் உள்ளே சமையற்காரருக்குத் தெலுங்கிலுமாகப் பேசினார். சாம்பார் லேசாக இருந்தது. ஜாம்பியா ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

2.40. ஆட்டோ. எஸ்தர் சொல்லியிருந்த தேவாலயத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்க என்ன சார் இந்நேரத்துல? ஆராதனை கூட இல்லையே" என்றார் ஓட்டுநர்.

மில் பெண்கள் படிக்கிற இடத்துக்குப் போகிறேன் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எம் பொண்டாட்டியும் அங்கதான் படிக்கா. பேச்சியம்மான்னு பேரு. மொத ஷிப்டு முடிச்சு வந்து நேரா அங்கதான் போவா. ஆப்பிரிக்கான்னு ஒரு பொஸ்தகம் சார், வீட்டுல அதே பேச்சுதான். சாம்பார் வைக்கும்போது லுசாக்காங்கா. தூக்கத்துல புரண்டு படுத்தா எந்திரிச்சித் தோளத் தட்டுதா."

"புத்தகம் எப்படி?"

"நல்ல பொஸ்தகம்தான் சார். ஒரு கேள்வியில காலை வாரிட்டு. எஸ்தரக்காவுக்குத்தான் பாவம். எழுதுனவன் எவன்னு தெரியல, இவளுவ எல்லாம் அவனப் பெரிய ஆளுங்குதாளுவ."

அறுபது ரூபாய் கேட்டார். நூறு கொடுத்து மீதி வேண்டாம் என்றேன். நான்தான் எழுதினவன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்றைக்கு நான் விழுங்கிய இரண்டாவது பதில் அது.

3.00. தேவாலயத்தின் பக்கவாட்டில் ஞாயிறு பள்ளி நடக்கும் கூடம். ஓடு வேய்ந்தது, இரண்டு மின்விசிறிகள். பாய் விரித்துப் பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கழுத்தில் சிலுவை, சிலர் நெற்றியில் குங்குமம். வேலையிலிருந்து நேராக வந்தவர்கள். இரண்டொருவர் தலைமுடியில் பஞ்சு இழை ஒட்டியிருந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனக்கு அதுவே சங்கடமாக இருந்தது.

எஸ்தர் மெலிந்த, உயரமான பெண். கண்ணாடி அணிந்திருந்தார். பேசுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்திப் பேசுவார். பால்கோவாவைக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பேச்சியம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாங்க ஒங்களுக்கு வாங்கித் தர வேண்டியது சார். நீங்க எங்களுக்கே வாங்கிட்டு வந்திருக்கிய" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று காட்டினார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆலைக்குள் இயந்திர இரைச்சலில் பேச்சு கேட்காது. உதட்டை அசைத்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வார்கள். 'இழை அறுந்தது', 'சூப்பர்வைசர் வருகிறார்', 'டீக்குப் போகலாமா' எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. என் ஐம்பத்து நான்கு வரிகளையும் அவர்கள் சைகையாக மாற்றியிருந்தார்கள். எஸ்தர் நாட்டின் பெயரைச் சொன்னார். பதினொரு ஜோடிக் கைகள் பதில் சொல்லின. கென்யாவுக்குக் கிணற்றில் கயிறு இழுத்தார்கள். மாலிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எத்தியோப்பியாவுக்குப் பக்கத்தில் இருப்பவரை ஓர் அடி. எட்டு மணி நேரம் இயந்திரத்தைச் சுற்றி நடந்துகொண்டே, எதிர் வரிசையில் நிற்பவருக்குக் கைகாட்டி, ஆப்பிரிக்கா முழுவதையும் படித்திருக்கிறார்கள். என் வரிகள் இதைவிட நல்ல வாசகரைக் கண்டதில்லை. பெருமைதான் பட்டேன், அந்த நிமிடத்தில்கூட.

"புருண்டி" என்றார் எஸ்தர்.

யாரும் கையைத் தூக்கவில்லை.

"இதுக்குத் தோளத் தட்டுவோம் சார்" என்றார் பேச்சியம்மாள். "பரீட்ச ஹால்ல எனக்கு முன்னால மூணு பெஞ்சு தள்ளி எஸ்தரக்கா. கேள்வியப் பாத்ததும் அவிய கை தன்னால தோளுக்குப் போச்சு. நானும் தட்டுனேன். அங்க நின்ன மேடம் கொசுக்கடியான்னு கேட்டாவ."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மாளே தொடர்ந்து, "சரி விடுங்க சார். நாடு மாத்திக்கிட்டா அதுக்கு நீங்க என்ன செய்விய? ஒங்களுக்குத் தெரியாமப் போச்சு. இம்புட்டுத் தூரம் வந்திருக்கியளே, அதுவே பெருசு" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். மன்னிப்பு நான் கேட்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. எழுந்து பால்கோவா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

எஸ்தர் நூலின் முதல் பக்கத்தைத் திறந்தார். "சார், ஒண்ணு கேக்கணும். பொஸ்தகம் அச்சடிச்ச வருஷம் இதுல போட்டிருக்கு. அந்த நாடு மாத்துனது அதுக்கு முந்தி. ஒங்களுக்குத் தெரியாமத்தான் இருந்துச்சா?"

குரலில் குற்றச்சாட்டு இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. விவசாயியிடமும் ஆட்டோக்காரரிடமும் தப்பித்தாயிற்று. இங்கே பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"தெரியும்மா" என்றேன். "தெரிந்துதான் போட்டேன். அந்த வரியை எடுக்க மனசு வரவில்லை."

பேச்சியம்மாள் கையில் இருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். "தெரிஞ்சேவா?"

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.  பிறகு, "எனக்குக் கிடேகான்னு ஒரு ஞாபகம் இருந்துச்சு சார்" என்றார். "போன்ல எப்பவோ நியூஸ்ல பாத்தது. விடையில அந்தப் பேரும் இருந்துச்சு. அதத்தான் குறிக்கப் போனேன். ஆனா கை தோளத் தட்டிருச்சே. பொறவு அம்புட்டு நாளு படிச்சது பொய்யா இருக்குமான்னு மாத்திட்டேன்."

என் நூல் இல்லாவிட்டால் அந்தப் பெண் சரியாக எழுதியிருப்பார். இது கடிதத்தில் இல்லை. இதை எழுதாமல் விட்டிருந்தார்.  எனக்கு உடம்பு முழுக்க வெட்கமாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் திருட்டுப் பட்டம் வாங்கினவன் மாதிரி.

"வேற எத்தன இருக்கு சார்?" என்றார் எஸ்தர்.

"என்ன?"

"வரி நல்லா இருக்குன்னு விட்டது. வேற எத்தன நாடு? இவளுவளுக்கு அடுத்த பரீட்ச இருக்கு."

"இரண்டு."

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். தான்சானியாவுக்குத் 'தானாக வந்தவனுக்குச் சலாம்' என்று கட்டியிருந்தேன், தார் எஸ் சலாமை வைத்து. அந்த நாட்டின் தலைநகர் டோடோமா. ஐவரி கோஸ்ட்டுக்கு 'ஐவர் கோஷ்டி அரை ஜாண்' என்று அபிஜானை வைத்திருந்தேன். தலைநகர் யாமூசூக்ரோ, அறிவித்தே நாற்பது வருடம் ஆகிறது. அலுவலகங்கள் பெரும்பாலும் இன்னும் அபிஜானில்தானே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிவைத்திருந்தேன். அதையும் அங்கே சொன்னேன். யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

பதினொரு பிரதிகளிலும் மூன்று பக்கங்களைச் சிவப்பில் அடித்துத் திருத்தினேன். ஒவ்வொருவரும் வரிசையாக வந்து நூலை நீட்டினார்கள். என் கையெழுத்துக்காக அல்ல. அடித்ததை ஒவ்வொருவரும் வாங்கிச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப இந்த மூணுக்கும் வரி?" என்று கேட்டாள் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி.

எனக்கு அமையவில்லை என்றேன். கிடேகாவுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தேன் என்றேன்.

பேச்சியம்மாள் அப்படியா என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "ஏட்டி, புரண்டு கிடக்கா" என்றார். "புருண்டி, கிடேகா. புரண்டு கிடக்கா. அம்புட்டுத்தான?"

கூடம் கலகலத்தது. என் திருச்சித் தமிழில் அவள் 'கிடக்கிறாள்'. அதனால் எனக்கு அகப்படவில்லை. இவர்கள் வாயில் அது நாள் முழுக்கப் புழங்குகிற சொல். 'தானியத்தைத் தொடுவோமா' என்று டோடோமாவை வேறொருத்தி முடித்தாள். யாமூசூக்ரோவுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது: 'ஐவரோடு யாமும் சுக்குக் காப்பியும்'. மூன்றுக்கும் சைகைகூடத் தயாராகிவிட்டது. நான் இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருந்த மூன்று வரிகளை அவர்கள் கால் மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டார்கள்.

எஸ்தர் அதில் சேரவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து மீதி ஐம்பத்தொரு நாடுகளையும் என்னிடம் ஒன்றொன்றாகக் கேட்டு, 'சரிதானே சார், சரிதானே சார்' என்று ஒவ்வொன்றுக்கும் என் வாயால் சொல்ல வைத்து, பென்சிலால் குறியிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இனிப் பயன்படாத பாடம். ஒன்றைக்கூட விடவில்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று. என்னைவிட நல்ல பிழை திருத்துநர்.

4.50. கிளம்பும் நேரம். வாசலில் எஸ்தரிடம், அடுத்த பதிப்பில் எல்லாவற்றையும் திருத்திவிடுவதாகவும், முன்னுரையில் அவர் பெயரைப் போட்டு நன்றி சொல்வதாகவும் கூறினேன். நான் திருச்சியிலிருந்து கொண்டுவந்த மன்னிப்பு அதுதான். அதைவிடப் பெரிதாக எதையும் நான் யோசித்திருக்கவில்லை.

"எம் பேரு வேண்டாம் சார்" என்றார். "அடுத்த பொஸ்தகம் சரியா வரும். சரி. வித்துப்போன பொஸ்தகம் என்னாவும்? அத வச்சிக்கிட்டு எந்த ஊர்லயோ ஒருத்தி தோளத் தட்டிக்கிட்டு இருப்பாளே, அவளுக்கு யாரு சொல்லுவா?"

நான் கையில் இருந்த சிவப்புப் பேனாவைப் பைக்குள் போட்டேன்.

"நீங்க ஊரு ஊராப் போயிட்டு வந்து பத்திரிகையில எழுதுவியளாமே, பின்னட்டையில போட்டிருக்கு. இங்க வந்ததையும் எழுதுங்க. கோயிலு, பால்கோவா எல்லாம் எழுதிட்டு, தெரிஞ்சேதான் தப்பாப் போட்டேன்னு அதையும் எழுதுங்க. நாடு மாத்திட்டுன்னு எழுதிராதிய."

"எழுதுகிறேன்" என்றேன்.

"சரி சார், பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. மற்ற பத்துப் பேரும் வாசல்வரை வந்து கையசைத்தார்கள்.

5.30. ராஜபாளையம் பேருந்து நிலையம். மதுரை வண்டி நின்றது. நடைமேடைக் கடை ஒன்றில் என் நூல்கள் நான்கு கிளிப்பில் தொங்கின. நான்கையும் நூற்று அறுபது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். கடைக்காரர், "நல்லாப் போற பொஸ்தகம் சார், திங்கக்கிழம இன்னும் வரும்" என்றார். அப்போதுதான் எஸ்தர் சொன்னதன் அளவு எனக்கு உறைத்தது. திருச்சியில் எங்கள் அச்சகத்துக்கு எதிரிலேயே மூன்று கடைகள் இருக்கின்றன. மதுரையில் எத்தனை, திருநெல்வேலியில் எத்தனை என்று எண்ணிக்கொண்டே ஊர் திரும்பினேன்.

ஆகவே எழுதுகிறேன். 'ஆப்பிரிக்கா அரை மணியில்' நூலை வைத்திருப்பவர்கள் புருண்டி, தான்சானியா, ஐவரி கோஸ்ட் ஆகிய மூன்று வரிகளையும் அடித்துவிடுங்கள். அவற்றின் தலைநகரங்கள் கிடேகா, டோடோமா, யாமூசூக்ரோ. அச்சுக்குப் போகும்போதே எனக்கு இது தெரியும். ராஜபாளையத்தில் எஸ்தர் என்ற பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. அவர் என்னை நம்பி, தான் குறிக்கப்போன சரியான விடையை மாற்றிக் குறித்தார்.